அந்த ஊசியைப் போடாத சிஸ்டர்

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், நடந்ததில் முன்னே பின்னே மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த சிஸ்டரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கண் திறக்காமல் கிடந்தார். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர். ஏசிக் காற்று நேராக எங்கள் கட்டிலில்தான் அடித்தது.

"எங்காளுக்கு எந்நேரமும் வேர்த்துக் கொட்டுதுக்கா, கட்டில மாத்திக்கலாம்" என்றாள் தக்காளிக்காரர் மனைவி.

கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது. பஸ்ஸில் இடம் மாற்றி உட்காருகிற மாதிரி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளி மாற்றிவிட்டோம். நம்பர் சுவரில் எழுதியிருப்பது எங்கள் புத்தியில் படவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மத்தியானம் தக்காளிக்காரரும் மனைவியும் எக்ஸ்ரேவுக்குப் போயிருந்தபோது, அன்றுதான் அந்த வார்டுக்கு மாறிய சிஸ்டர் ஊசியோடு வந்தார். வயதில் சின்னவர்தான், ஆனால் 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சுவர் நம்பரைப் பார்த்து, காகிதத்திலிருந்து ஒரு பேரைப் படித்து, "இவருதானேம்மா?" என்றார். படித்தவர்கள் காகிதத்தைப் பார்த்து எது கேட்டாலும் தலையாட்டிவிடுவது என் பழக்கம். ஆட்டிவிட்டேன்.

சிஸ்டர் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கிப் பார்த்தார். ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"பேரு எழுதின கைப்பட்டை எங்கம்மா?"

"கை வீங்கிப்போச்சுன்னு காலைல கத்திரிச்சுட்டாங்க சிஸ்டர்."

"அப்ப பேர நீங்க சொல்லுங்க. நான் படிச்சு நீங்க தலையாட்டறது செல்லாது. அதான் விதி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

கட்டியவர் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. "மலை மேல இருக்கற சாமி பேரு" என்றேன்.

"நம்ம பக்கம் எல்லா சாமியும் மலை மேலதாம்மா இருக்குது."

தரை கூட்டிக்கொண்டிருந்த ஆயா சிரித்தாள். "சொல்லிடும்மா, அவரு எந்திரிச்சு வந்து அடிக்கவா போறாரு?"

ஒரு ஊசிக்கு இத்தனை விசாரணையா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே சொல்லிவிட்டேன்.

சிஸ்டர் முகம் வெளுத்தது. "கட்டில மாத்துனீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "இது சர்க்கரைக்குப் போடற ஊசிம்மா. உங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரையே இல்ல. சாப்பிடாத உடம்பு வேற, போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சிஸ்டர், இதை மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் சேர்ந்து மூன்று மாதம்தான், வேலை நிரந்தரம் ஆகவில்லை என்று ஆயா என் காதில் சொன்னாள்.

"ஊசிதான் போடலையே, எதுக்கு எழுதறீங்க?" என்றேன்.

"போடலைன்னாலும் எழுதணும்மா."

"அப்ப எல்லாம் என் தப்புன்னே எழுதுங்க. என்னைய வேலைய விட்டா தூக்கப் போறாங்க?"

சிரித்தார். எழுதி முடித்து எனக்குப் படித்தும் காட்டினார். 'பேரை நானே படித்துத் தலையாட்டச் சொன்னேன், இது என் தவறு' என்று முதல் வரி. பிறகுதான் கைப்பட்டையும் கட்டிலும். "மூணையும் எழுதுனாத்தான் மூணுக்கும் வழி பண்ணுவாங்க" என்றார். தன் சோற்றுக்கே கேடு வரலாம் என்று தெரிந்தும் குரல் ஆடவில்லை.

சாயங்காலம் பெரிய சிஸ்டர் வந்து என்னை விசாரித்தார். நான் வெளி ஆட்களிடம் வாய் திறக்கிறவள் இல்லை. அன்று திறந்தேன். "இவங்க திரும்பக் கேக்கலைன்னா எங்காளு இல்லீங்க. இவங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க."

"உண்மைய எழுதுனவங்கள நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம்மா" என்றார் அவர். அப்போதே என் வீட்டுக்காரர் காலில் புதுப் பட்டை கட்டினார்கள். மறுநாள் கட்டில்களிலும் நம்பர் ஒட்டினார்கள். நாங்கள் வீடு திரும்பும் வரை அந்த சிஸ்டர் அதே வார்டில்தான் இருந்தார்.

ஊசி, விதி பற்றி நான் எழுதியதில் பிழை இருக்கலாம். நர்ஸ் வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். தன் தப்பை அவர் முதல் வரியில் எழுதினார் என்பதை மட்டும் மாற்ற வேண்டாம். அது என் காதால் கேட்டது.