மகாமேயைக் கொண்டுபோன காற்று

நுங்வி கடற்கரையில், வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் கடையொன்றில் நான்கு வருடம் முக்குளிப்பு உடைகளை அலசிக் காயப்போட்டவள் ஸுவேனா. சிலிண்டரில் காற்று அடைக்க ஆள் தேடியபோது, நாற்பதை நெருங்கும் வயதில் தானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள் அந்த வேலையை.

கற்றுக்கொடுத்தவன் அவளைவிடப் பத்து வயது இளையவனான மெக்கானிக் கத்தீப்.

"அக்கா, துணி பிழியிற மாதிரி வால்வைத் திருகாத. வெடிச்சா நம்ம ரெண்டு பேரையும் கூரையில இருந்துதான் பொறுக்கணும்."

"உன்னைப் பொறுக்க ஒரு கை போதும், போடா."

சிலிண்டரின் கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியைப் பார்க்கவும், வால்வைக் கழற்றி உள்ளே குட்டி விளக்கை இறக்கித் துரு தேடவும், சூடேறாமல் மெள்ள மெள்ள அடைக்கவும் பழகினாள். மூன்றாம் வாரம், கம்ப்ரஸரின் உறிஞ்சுகுழாய் ஏன் கூரைக்கு மேலே போகிறது என்று கேட்டாள்.

"எஞ்சின் புகை உள்ள போயிடக் கூடாதுல்ல. அதுல இருக்கற விஷத்துக்கு வாசனை கிடையாது. மேல சுவாசிச்சா தலைவலியோட போயிடும், ஆழத்துல ஆளையே சாய்ச்சிடும். அத அளக்கத்தான் இந்த மீட்டர்."

"செத்தவங்க முகம் எப்படி இருக்கும்?"

"ஏன் கேக்கற?"

"சொல்லு."

"சில பேருக்குச் சிவந்திருக்குமாம். தூங்கற மாதிரி."

ஸுவேனா கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தாள். ஆறு வருடத்துக்கு முன் கடலட்டை எடுக்க மூழ்கிய அவள் கணவன் மகாமேயைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். கடைசியாகக் குளிப்பாட்டியவள் அவள்தான். உதடு அப்படிச் சிவந்திருந்தது. கடல் ஜின் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டதென்று ஊர் சொன்னது, அவளும் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உஸ்ஸியின் கொட்டகைக்குப் போனாள். அன்று மகாமேயின் சிலிண்டரை அடைத்தவன் அவன். இன்றும் கடலட்டைக்காரர்களுக்கு அவன்தான் அடைக்கிறான். எஞ்சினின் புகைவாயும் காற்று உறிஞ்சும் வாயும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன.

"மகாமேயை ஜின் கொண்டு போகல உஸ்ஸி. இந்தப் புகைதான் கொண்டுபோச்சு," என்றவள், கத்தீப் விளக்கியதையெல்லாம் சொன்னாள்.

"அவனும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க அக்கா! நான் அவனுக்குக் கெடுதல் நினைப்பேனா?"

"நினைக்கல. உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப தெரிஞ்சிடுச்சு."

சாபம் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அடைத்து வைத்திருந்த ஐந்து சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். சிலிண்டருக்குக் காத்திருந்த இரண்டு ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"விடுங்கடா, அவங்க திறக்கட்டும்," என்றான் உஸ்ஸி. எஞ்சினை அணைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் கத்தீப்பும் அவளும் நீளக் குழாயொன்றைக் கொண்டுபோய்க் காற்று உறிஞ்சும் வாயில் பொருத்தி, மறுமுனையைக் காற்று வீசும் திசையிலிருந்த தென்னையில் புகை எட்டாத உயரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பின் மாதம் இருமுறை, கடை மீட்டரோடு ஸுவேனா அங்கே போகிறாள். உஸ்ஸி எழுந்து முக்காலியை நகர்த்திப் போடுவான். முள் பூஜ்ஜியத்தைவிட்டு அசையவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்புவாள்.