தமிழ் ஐயாவின் நிழலில்லா நாள்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் தலைமையாசிரியர் நீட்டியபோது, எங்கள் தமிழ் ஐயா அதை வாங்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்தவர் போல வாங்கி, வாங்கிய கையோடு மேசைமேல் வைத்துவிட்டார். கடலூருக்குத் தெற்கே, கடற்காற்றில் ஜன்னல் கதவுகள் ஓயாமல் அடித்துக்கொள்ளும் ஒரு நடுநிலைப்பள்ளி அது. அறிவியல் ஆசிரியை மாறுதலில் போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கணக்கு டீச்சரான நான் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு அறிவியலை ஏற்றுக்கொண்டேன். எட்டாம் வகுப்பு மிச்சம் இருந்தது. "நீங்க பாத்துக்குங்க ஐயா, பாடத்த வாசிச்சுக் காட்டினாலே போதும்" என்றார் தலைமையாசிரியர். ஐயா புத்தகத்தை மறுபடியும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடக் காலத்தில் அறிவியலில் தட்டுத் தடுமாறித் தேறியவர் தான் என்பதை ஒருமுறை தேநீர் குடிக்கும்போது அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு மட்டும்தான். அதனால் அவர் பட்ட பாடு முழுவதையும் நான் காதால் கேட்டேன். ஆற்றல் பற்றிய பாடம் என்றால், அந்தச் சொல் எதிலிருந்து பிறந்தது, அதன் உறவுக்காரச் சொற்கள் எவை என்று கணீரென்று ஆரம்பிப்பார். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற வரி வந்ததும் குரல் இறங்கிவிடும். பின்பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தால், "அத நாளைக்கிப் பாப்பம்" என்பார். அந்த 'நாளை' வந்ததாக எனக்கு நினைவில்லை. தமிழ் வகுப்பில் கர்ஜிக்கிற மனிதர் அறிவியல் வகுப்பில் வாடகை வீட்டில் ஆணி அடிக்கப் பயப்படுபவர் போல நடமாடுவதைக் கேட்க எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பார்களா. ஒரு நாள் காலை, கடலூர் பழைய நகரான ஓ.டி.யில் மீன் விற்கும் ஓர் அம்மா வியாபாரத்தை முடித்த கையோடு, காலி அன்னக்கூடையை இடுப்பில் வைத்தபடியே பள்ளிக்கு வந்துவிட்டார். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. "எங்க பொண்ணு நர்ஸுக்குப் படிக்கணும்னு இருக்குது சார். ஐயா நல்லவருதான், நான் இல்லங்கல. ஆனா அவரு தமிழ் வாத்தியாருங்க. சயின்ஸுக்கு ஆளு போடலன்னா காலாண்டுப் பரீட்சையோட டி.சி. வாங்கிக்கினு டவுன்ல சேத்துடுவேன்" என்றார். மிரட்டுகிற குரல் இல்லை அது. தன் பிள்ளையின் படிப்பு கைநழுவுகிறதே என்று பதறுகிற குரல். அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். அவர் மகள் போனால் இன்னும் பாதி வகுப்பு பின்னாலேயே போகும். வராந்தாவில் நின்றிருந்த ஐயாவின் காதில் எல்லாம் விழுந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார். "குறிஞ்சிப்பாடி பக்கமே மாறுதல் கேட்டுப் போயிடறேன் டீச்சர். என்னால ஒரு வகுப்பு கெட வேணாம்" என்றார். அவருடைய சொந்த ஊர் அது. அந்த அம்மா கேட்டதிலும் தப்பில்லை, இவர் வருந்தியதிலும் தப்பில்லை.

அவரை நிறுத்திவைத்தது ஒரு கேள்விதான். மத்தியானத்தில் சூரியன் நேராக நம் தலைக்குமேல் நிற்குமா என்று அதே மீன்கார அம்மாவின் மகள் கேட்டிருக்கிறாள். அதில் என்ன சந்தேகம், நிற்கும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மனசு கேட்காமல், அன்று மதியம் மைதானத்துக்குப் போய் மடக்கிய குடையை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். வேர்வை வழிய என் வகுப்புக்கு வந்தார். "உச்சிவெயில், உச்சிப்பொழுதுன்னு காலம் பூரா சொல்லிக்கினு இருக்கேன் டீச்சர். குடைக்கு நிழலு விழுதே. அப்ப சூரியன் உச்சியில இல்லதானே?" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் பயம் இல்லாததை முதல்முறையாகப் பார்த்தேன். அதற்கப்புறம் தினமும் மதியம் அவரும் பிள்ளைகளும் குடையைச் சுற்றி நின்றார்கள். நிழல் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் வருடத்தில் இரண்டே நாள்தான் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும், அன்றைக்கு நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழல் வெளியே விழாது என்பதை நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்தார். பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால் சூரியன் உச்சியில் நிற்கும் இடம் ஆறு மாதம் வடக்கே நகர்ந்து ஆறு மாதம் தெற்கே திரும்புகிறது. இதைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் சொன்ன விதத்தில் என் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டுக் கேட்டார்கள். "மெட்ராஸ் பஸ்ஸு போறப்ப ஒரு தடவ, திரும்பி வர்றப்ப ஒரு தடவ நம்ம ஊரத் தாண்டுதுல்ல? சூரியனும் அப்பிடித்தான். ஏப்ரல்ல போவுது, ஆகஸ்டுல திரும்புது."

ஆகஸ்டில் அது திரும்பும் நாளுக்குப் பெற்றோரையும் அழைக்கப் போவதாக அவர் சொன்னபோது நான் தடுக்கப் பார்த்தேன். மேகம் மூடிக்கொண்டால், இருக்கிற கொஞ்ச மானமும் போய்விடுமே என்றேன். "போனா போவட்டும் டீச்சர். எப்பிடியும் காலாண்டோட போறவன்தானே நான்" என்று சிரித்தார். சுதந்திர தினம் முடிந்த அடுத்த வாரம் அந்த நாள் வந்தது. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. கூட்டம் முழுவதற்கும் தெரியவேண்டும் என்று கொடிக்கம்பத்தையே தேர்ந்தெடுத்தார் ஐயா. பிள்ளைகள் தங்கள் பங்குக்குத் தண்ணீர் பாட்டில், சுண்ணாம்புக்கட்டி டப்பா, பூரிக்கட்டை என்று நிற்கக்கூடியது எல்லாவற்றையும் கொண்டுவந்து மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மீன்கார அம்மா முன்வரிசையில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

நேரம் நெருங்க நெருங்க கம்பத்தின் நிழல் சுருங்கியது. சுருங்கிக்கொண்டே வந்த நிழல், ஒரு முழ நீளத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தோம், அது போகவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மீன்கார அம்மா கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார்: "இன்னும் இருக்குதே ஐயா நிழலு." தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். ஐயா ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடக் கூடாதா என்று நினைத்தேன். அவர் சமாளிக்கவில்லை. "ஆமாம்மா, இருக்குது. ஏன்னு எனக்குத் தெரியல" என்றார்.

அப்போதுதான் மீன்கார அம்மாவின் மகள், பாட்டில் வரிசையின் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "ஐயா, இங்க வந்து பாருங்களேன். என் பாட்டிலுக்கு நிழலே இல்ல." போய்ப் பார்த்தோம். பாட்டிலுக்கு இல்லை. டப்பாவுக்கு இல்லை. பூரிக்கட்டைக்கும் இல்லை. எங்கள் ஒவ்வொருவரின் நிழலும் காலடியில் ஒரு சிறு கறுப்பு வட்டமாக ஒடுங்கிக் கிடந்தது. ஐயா பாட்டிலைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், மறுபடியும் பாட்டிலைப் பார்த்தார். "ஒரே சூரியன்தானே. இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணா செய்யும்?" என்று பிள்ளைகளிடமே கேட்டார். பிறகு அதே பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கம்பந்தான் சாஞ்சிருக்குதோ என்னவோ ஐயா."

சாய்ந்திருக்கிறது என்று எங்களில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. அது நேராகத்தான் இருக்கிறது என்று தலைமையாசிரியர் சாதித்தார். போன வாரம்தானே அதில் கொடி ஏற்றினோம் என்றார் இன்னொருவர். நான் இன்னும் ஒரு படி மேலே போய், அது செங்குத்து, நானே பாடத்தில் அதைத்தான் காட்டுகிறேன் என்றேன். ஐயா வாதாடவில்லை. ஒரு நூலின் நுனியில் சாவிக்கொத்தைக் கட்டி, கம்பத்தின் பக்கத்தில் தொங்கவிட்டார். நூல் ஆடி அடங்கியது. கம்பம் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். மீன்கார அம்மாதான் முதலில் சிரித்தார். "அந்தப் புயல்ல சாஞ்சிது சார் இது. இத்தினி வருசமா நம்ம ஒருத்தர் கண்ணுக்கும் படலயே" என்றார். உண்மைதான். சில வருடங்களுக்கு முன் பெரும்புயல் ஒன்று அடித்துப் போட்ட பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் தென்னை, மின்கம்பம், மதில்சுவர், கோயில் அரசமரம் எல்லாமே காற்று தள்ளிய பக்கமாகச் சாய்ந்துதான் நின்றன. அவற்றின் நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கும் சரி, வாழ்ந்த எங்களுக்கும் சரி, அதுவே நேர் என்று ஆகிவிட்டது. வேறு ஊர்க்காரர் யாராவது வந்திருந்தால் வாசலில் நுழையும்போதே கேட்டிருப்பார். செங்குத்துக்கு உதாரணமாக அந்தக் கம்பத்தைக் காட்டிக் கணக்கு நடத்திய என்னை ஐயா திரும்பிப் பார்த்தார். புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தினார். அந்தப் புருவத்தை என்னால் மறக்க முடியாது.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மா அலுவலக அறைக்கு வந்தார். டி.சி. விஷயமாகத்தான் இருக்கும் என்று தலைமையாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐயா வாசலோடு நின்றுவிட்டார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, "இது மறுக்கா எப்ப வரும் ஐயா?" என்று கேட்டார். "ஏப்ரல்லம்மா" என்றார் ஐயா. அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். "அப்ப ஏப்ரல் வரைக்கும் பாப்பா இங்கயே இருக்கட்டும் சார். அதயும் பாத்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐயா மாறுதல் பேச்சையே அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நான்தான் மாறுதலில் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். ஆறேழு வருடம் ஆகியும் அந்தப் பள்ளியில் அறிவியல் பணியிடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு நல்ல மனிதர் பாரத்தைத் தூக்குகிறார் என்பதற்காக அந்தப் பாரத்தை அவர் தலையிலேயே விட்டுவிடலாமா. ஆனால் ஐயாவிடம் போனில் பேசினால் அவர் இதைப் பற்றிப் பேசமாட்டார். கடல் ஏன் உள்வாங்கியது, பிச்சாவரத்துக் காட்டின் வேர்கள் ஏன் சேற்றுக்கு மேலே தலை நீட்டுகின்றன, கொட்டாங்கச்சி எரியும்போது அதில் எங்கிருந்து வந்த வெயில் வெளியே வருகிறது என்றுதான் பேசுவார். போன ஆகஸ்டில், அந்த நாளன்று மதியம் கூப்பிட்டார். கடலூரில் காலையிலிருந்தே மேகம், பிள்ளைகள் எல்லாம் முகம் தொங்கிப்போய் நிற்கிறார்கள் என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "அத விடுங்க டீச்சர். சூரியன் தெக்கதானே போயிக்கினு இருக்குது? இன்னிக்கி எங்க ஊருன்னா நாளைக்கி உங்க ஊரு. நாங்க பஸ் ஏறி வந்துடறோம்" என்றார்.

சொன்னபடி மறுநாள் எங்கள் பள்ளி வாசலில் அவர்கள் வந்து இறங்கினார்கள். எட்டாம் வகுப்பு முழுவதும் வந்திருந்தது. துணைக்கு வந்த பெற்றோரில் அந்த மீன்கார அம்மாவும் இருந்தார். அவருடைய கடைசிப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. மகள் சிதம்பரத்திலேயே நர்சிங் படிக்கிறாள், திரும்பும்போது பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றார். எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் கலந்து மைதானம் முழுக்க நின்றார்கள். வெயில் காய்ந்தது. ஐயா நடுவில் நின்று பூமி சாய்ந்திருப்பதை இரண்டு கையாலும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்; கேள்வி கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்போதே பதில் சொன்னார். தெரியாத ஒன்றுக்குத் தெரியாது என்றார். நிழல்கள் எல்லாம் காலடிக்குள் ஒடுங்கியபோது பிள்ளைகள் குனிந்து தங்கள் காலடியையே பார்த்தார்கள். எங்கள் பள்ளியின் இளம் அறிவியல் ஆசிரியை அவரை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் வந்து, "சார் பிசிக்ஸ் மேஜருங்களா?" என்று கேட்டாள். ஐயா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இல்லம்மா, நான் வந்து..." என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள் மீன்கார அம்மா குறுக்கே வந்துவிட்டார். "அவரு எங்க சயின்ஸ் வாத்தியாருங்க" என்றார். ஐயா அதைத் திருத்தவில்லை.