புரூல் எஜேக்கு நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி

கராகோல் நகரப் பதிவு அலுவலகத்தின் இரண்டாவது அறையில், ஜன்னலை ஒட்டிய மேசை புரூல் எஜேயுடையது. பெயர் புரூல். எங்களைவிட வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் எங்களுக்கு எஜே, அதாவது அக்காதான் என்பதால் வாட்ச்மேன் முதல் மேலதிகாரி வரை அவரை அப்படியே கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பிறப்பையும் திருமணத்தையும் சாவையும் எழுதினார். அவருடைய கையெழுத்து அச்சுப் போட்டது போல இருக்கும். திருமணச் சான்றிதழ் வாங்க வருகிற பெண்கள், "அந்த எஜே கையால எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஜில்லாவின் பழைய பதிவேடுகள் அத்தனையையும் பார்த்துத் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்றிருபது பதிவு. ஐம்பத்து நான்கு வயதில் புரூல் எஜே இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்து, ஆறு மாதத்தில் பத்து விரலுக்கும் வந்துவிட்டார். கரைந்துபோன மையையும், எழுபது வருடத்துக்கு முந்திய எழுத்தர்களின் கிறுக்கலையும் அவர் அளவுக்குப் படிக்க எங்களில் ஆள் கிடையாது. நாங்கள் புரியாத பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடுவோம்.

எனக்கு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். என் பெயர் சோனுன். அந்த வருடம் என் மகள் நிமோனியாவில் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், அந்த நேரம் பார்த்து போனையும் எடுப்பதில்லை. நான் காலையில் வந்து தலையைக் காட்டிவிட்டு மகளிடம் ஓடிவிடுவேன். நாற்பது நாளும் தன் நூற்றிருபதை முடித்துவிட்டு என் பங்கிலும் பாதிக்குமேல் ஏற்றி, என் பெயரைப் போட்டு வைத்தவர் புரூல் எஜே. கேட்டால், "போடி, எனக்கு வீட்டுல யாரு காத்துட்டு இருக்கா? டிவிதான்" என்பார்.

அவருக்கு வெள்ளெழுத்து. சந்தையில் தட்டில் பரப்பி விற்கிற கண்ணாடி ஒன்றைப் பல வருடமாகப் போட்டிருந்தார். ஒருமுறை அதன்மேல் உட்கார்ந்துவிட்டதால் ஒரு காது பக்கம் டேப் சுற்றியிருக்கும். மேசையில் விரித்த பதிவேடு அதில் நன்றாகத் தெரிந்தது. திரை தெரியவில்லை. அதனால் மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்துதான் தட்டுவார். சாயங்காலம் எழுந்திருக்கும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவார்.

கம்ப்யூட்டர் வேலைக்கான கண்ணாடிக்கு யூனியன் பாதிப் பணம் கொடுக்கும், டாக்டர் சீட்டு இருக்க வேண்டும் என்று அக்டோபரில் அறிவித்தார்கள். எஜே பாலிகிளினிக்கில் கண்ணைக் காட்டிச் சீட்டு வாங்கி வந்தார். "கம்ப்யூட்டருக்கு மட்டும், அறுபத்தைந்து சென்டிமீட்டர்" என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். நானும் அதைப் படித்தேன். சனிக்கிழமை இருவரும் கடைவீதிக்குப் போனோம்.

கண்ணாடிக் கடையை முதலாளிக்காக இன்னா பெத்ரோவ்னா என்ற ரஷ்யப் பெண் கவனித்து வந்தார். சீட்டைப் பார்த்துவிட்டு எஜேயை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒரு கம்ப்யூட்டர் திரையை இழுத்து வைத்து, தூரத்தை டேப்பால் அளந்தார். சோதனை லென்ஸைப் போட்டதும் எஜே நிமிர்ந்து உட்கார்ந்தபடியே திரையைப் படித்தார். பிறகு மடியிலிருந்த தாளைப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, முதுகு வளைக்காமயே தெரியுது!"

"இதுதான் உங்களுக்கானது. திரையும் மேசையும் தெரியும். சுவர்க் கடிகாரம் மங்கலாத்தான் இருக்கும்," என்றார் இன்னா பெத்ரோவ்னா.

"மங்கலா இருந்தா நல்லதுதான். மணி பாக்காம வேலை செய்வேன்."

விலை ஐயாயிரத்து இருநூறு சோம். பாதியை யூனியன் கொடுத்துவிடும். எஜே பையைத் திறக்கப் போனார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அப்ப கவுன்டருக்கு எழுந்து போறப்ப இத கழட்டணுமா?"

"கழட்டினா நல்லது. வேலைக்கான கண்ணாடிம்மா இது, ஊர் சுத்தறதுக்கு இல்ல."

"பாருங்க எஜே. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, பழையபடி ஒருநாள் அதுமேலயே உக்காருவீங்க. எல்லா தூரத்துக்கும் ஒரே கண்ணாடி வருதே, எங்க டைரக்டர் போட்டிருக்காரே, அது இருக்கா?"

"ப்ரோக்ரெசிவ்," என்றார் இன்னா பெத்ரோவ்னா. "இருக்கு. பதினோராயிரத்து எண்ணூறு. ஆனா நாள் பூரா திரை பாக்கறவங்களுக்கு..."

"எனக்கு எதுக்குடி அது?" என்று எஜே குறுக்கே புகுந்தார். "தூரம் எனக்குப் பருந்து மாதிரி தெரியும். பக்கத்துலதான் எழவு."

"பணம் நான் குடுக்கறேன். நீங்க பேசக்கூடாது."

குளிர்காலத்துக்கு பூட்ஸும் கோட்டும் வாங்கச் சேர்த்து வைத்த பணம் கைப்பையில் இருந்தது. அந்த நாற்பது நாளுக்கு என்ன திருப்பிச் செய்வது என்று ஒரு வருடமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. ஐயாயிரத்தில் பாதியை யூனியன் கொடுக்க, மீதியை அவரே கொடுக்க, நான் சும்மா பக்கத்தில் நிற்பதா? கடையிலேயே உயர்ந்ததை வாங்கிக் கொடுத்தால்தான் என் மனம் ஆறும் போலிருந்தது. அது என் மனம் ஆறுவதற்கான கண்ணாடி என்று இன்றைக்குத் தெரிகிறது.

தங்க நிறத்தில் மெல்லிய ஃபிரேம் ஒன்றை நானே எடுத்து எஜேக்கு மாட்டிவிட்டேன். "பார்லிமென்ட் மெம்பர் மாதிரி இருக்கீங்க!" என்றேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். ரசீது எழுதும்போது இன்னா பெத்ரோவ்னா அவரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. ரசீதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, அவரை அஷ்லான்ஃபூ நூடுல்ஸ் சாப்பிட இழுத்துப் போனேன். புளிப்பும் காரமுமாய் ஆளுக்கு ஒரு கிண்ணம். எஜே என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பெத்த பிள்ளைங்க கூட இப்படி வாங்கித் தரல," என்று கண் கலங்கினார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பினேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

புதுக் கண்ணாடி வந்தது. எல்லோரும் அழகாயிருக்கிறது என்றார்கள். அதில் திரைக்கான பவர் நடுவே ஒரு சின்னப் பட்டையாகத்தான் இருக்கும்; அதுவும் கண்ணுக்குக் கீழே. எஜே முகவாயைத் தூக்கிக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு பதிவேட்டுக்குக் குனிவார். மறுபடி தூக்குவார். ஒரு வரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தலையையே திருப்புவார்.

"எஜே, கோழி தண்ணி குடிக்கற மாதிரி இருக்கு!" என்றேன் ஒருநாள். அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

மூன்றாவது வாரமோ என்னவோ, தேநீர் நேரத்தில் மெதுவாகக் கேட்டார்: "சோனுன், அந்தக் கண்ணாடி ரசீது உங்கிட்டதான இருக்கு?"

"ஏன் எஜே, விலை மறந்துபோச்சா? பரிசுக்கு ரசீது கேக்கறவங்கள இப்பதான் பாக்கறேன்."

"இல்லடி, சும்மாதான்," என்று சொல்லிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். நானும் அதை மறந்துவிட்டேன்.

பனி விழ ஆரம்பித்தபோது அவர் கணக்கு எண்பதுக்கு இறங்கியது. ஜனவரியில் அறுபது. மத்தியானமானால் தலைவலி மாத்திரை போடுவார். நான் அறையில் இல்லாத நேரம் டேப் சுற்றிய பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார் என்றும், என் காலடி கேட்டதும் மாற்றிவிடுவார் என்றும் ஒருத்தி என்னிடம் சொன்னாள். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு கிழவர் சண்டைக்கு வந்தார். அவர் பிறந்த வருடத்தில் ஆறு என்பது எட்டாக ஏறியிருந்தது. ஓய்வூதியம் இரண்டு மாதம் நின்றுபோயிருக்கிறது. தேடிப் பார்த்ததில் அந்தப் புத்தகத்தில் மட்டும் பதினோரு பிழை. ஏற்றியவர் பெயர் புரூல் எஜே. இருபத்தாறு வருடத்தில் அவர் கையால் ஒரு அடித்தல் திருத்தல் இருந்ததில்லை.

மேலதிகாரி ஜோமார்த் கெட்டவர் இல்லை; மூத்த ஆண் என்பதால் எங்களுக்கு அவர் பைகே. என்னை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்: "நீ அவங்க கூடவே இருக்கறவ. என்ன ஆச்சு அவங்களுக்கு? உடம்பு சரியில்லையா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாகுதில்ல, பைகே. கொஞ்சம் இலகுவான வேலை குடுத்தா நல்லது." அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

எஜேயை விண்ணப்பப் படிவம் கொடுக்கிற ஜன்னலில் உட்காரவைத்தார்கள். அவர் சொந்தக் கிராமத்துப் பதிவேடுகளைக் கடைசியில் தானே ஏற்ற வேண்டுமென்று அலமாரியில் தனியாக எடுத்து வைத்திருந்தார். அவை என் மேசைக்கு வந்தன. மே மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது. பிரிவு விருந்துக்குத் தங்க ஃபிரேம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, எல்லோருடனும் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு த்யூப் என்ற ஊரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முதலில் நான் அடிக்கடி போன் செய்தேன். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. பிறகு அதுவும் குறைந்தது.

பத்து வருடம் ஓடிவிட்டது. போன இலையுதிர் காலத்தில் எனக்கே திரை மங்கியது. அதே கடைக்குப் போனேன். இன்னா பெத்ரோவ்னா தலை முழுக்க நரைத்திருந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ பதிவு ஆபீஸ் பொண்ணுதான? இப்பவும் ப்ரோக்ரெசிவ்தான் வேணும்னு சொல்லப் போறியா?" என்றார்.

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"உன் எஜே அப்ப மூணு தடவ வந்தாங்க. தலை சுத்துது, திரை தெரியலன்னாங்க. ஒரு மாசத்துக்குள்ள வந்தா அதே ஃபிரேம்ல கம்ப்யூட்டர் லென்ஸ் போட்டுத் தரேன், மிச்சப் பணமும் திருப்பித் தரேன்னு அன்னிக்கே சொன்னேனே. ரசீது மட்டும் கொண்டுவாங்கன்னேன். அது வாங்கினவகிட்ட இருக்குன்னாங்க."

"கேட்டா குடுத்திருப்பேனே!"

"நானும் அதத்தான் சொன்னேன். 'அந்தப் பொண்ணு பூட்ஸ் வாங்க வச்சிருந்த காசு அது. கிழிஞ்ச பூட்ஸோட பனியில நடக்கறா. பிடிக்கலன்னு எந்த வாயால சொல்ல?'ன்னாங்க. மூணாவது தடவ வந்தப்ப மாசம் முடிஞ்சுபோச்சு. நானாவது கண்டுக்காம மாத்திக் குடுத்திருக்கலாம். முதலாளி ரசீது இல்லாம ஒத்துக்கல."

எனக்கு என்ன கண்ணாடி வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, டாக்டர் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவரே அளந்தார். டாக்டர் எழுதியதையே செய்து கொடுத்தார். மறு வாரம் அதைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். முதுகு நிமிர்ந்தபடியே திரை பளிச்சென்று தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை த்யூப்புக்கு மினிபஸ் பிடித்தேன். புரூல் எஜே முற்றத்தில் உருளைக்கிழங்கைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கண்ணாடி போடவில்லை.

"யாரு, சோனுனா? வழி தெரிஞ்சுதா உனக்கு?"

பக்கத்தில் குந்தி நானும் கிழங்கு பொறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, கடையில் கேட்டதைச் சொன்னேன். "ஏன் எஜே ஒரு வார்த்தை சொல்லல? நான் என்ன வேத்து ஆளா?"

"வேத்து ஆளா இருந்தா சொல்லியிருப்பேன்," என்றார். கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கண்ணாடிய விடு. பேத்தி எப்பவோ மிதிச்சு ஒடைச்சுட்டா. ஜோமார்த்கிட்ட எனக்கு வயசாயிடுச்சுன்னு நீதான சொன்ன?"

அது அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

"அவரே சொன்னாரு. 'சோனுனே சொல்லிட்டா எஜே'ன்னு. கண்ணு தெரியல, வேற கண்ணாடி போட்டா சரியாயிடும்னு சொல்லத்தான் அன்னிக்கு அவர் ரூமுக்குப் போனேன். நீயே சொல்லிட்டன்னதும் அதச் சொல்ல வாய் வரல. நிஜமாவே வயசாயிடுச்சோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மூன்று தடவை கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "எங்க கிராமத்துப் புஸ்தகம் யாரு ஏத்தினது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான்."

"அம்பத்தொண்ணாம் வருஷத்து எழுத்தன் மூணையும் ஒன்பதையும் ஒரே மாதிரி போடுவான். பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியவே தெரியாது. "திரும்பப் போய்ப் பாக்கறேன் எஜே," என்றேன்.

"பாரு," என்றார். பிறகு மகள் பால் தேநீரும் எண்ணெயில் பொரித்த பொர்சோக்கும் கொண்டு வந்து வைத்தாள். எஜே பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் பசு சினையாக இருப்பதைப் பற்றியும் பேசினார். புறப்படும்போது ஒரு பை நிறையக் கிழங்கு கட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்தேன். நன்றாகத்தான் பேசுகிறார். அலுவலகத்துப் பேச்சை எடுத்தால் மட்டும், பசுவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுகிறார். நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம்வரை தொழுவத்திலேயே இருக்கிறார்.