ஆர்வம் காட்டாதே

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரி. பூட்டிய பீரோவை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தோமா என்று என்னிடம் கேட்பாள். கணவர் சீக்கிரம் வீடு திரும்பினால், ஏன் என்று குடைவாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் அவளுடைய அக்கா மகள்.

அந்தப் பெண் எங்களிடம் விண்ணப்பித்திருந்தாள். கட்டணச் சலுகை கிடைத்தால்தான் சேர முடியும்.

"ஆர்வம் காட்டு. மெயில் வந்தா உடனே திற. நேர்ல வந்து சுத்திப் பாரு" என்று சித்தி சொல்லிக்கொடுத்தாள். அவளும் ஒன்று விடாமல் செய்தாள்.

வந்த சலுகையோ கண்துடைப்பு. எட்டிக்கூடப் பார்க்காத அவள் வகுப்புத் தோழிக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. அவ்வளவுதான், சந்தேகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரோ சிபாரிசு செய்திருக்கிறார்கள் என்றாள். அந்த யாரோ நானாக இருக்கலாம் என்று என்னுடன் டீ குடிப்பதையும் நிறுத்தினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தேகம் தீரட்டும் என்று நானே அவளை ஜோசியரிடம் இழுத்துப்போனேன்.

ஜோசியர் என்றால் கண்ணாடி அறையில் உட்காரும் தரவு ஆய்வாளர். யார் சேருவார், யார் நழுவுவார் என்று அவருடைய கணினிதான் கணித்துச் சொல்லும்.

"யார் சொல்லி எங்க பொண்ணுக்குக் குறைச்சீங்க?"

"யாரும் சொல்லல மேடம். எல்லா மெயிலையும் திறந்திருக்கா, நேர்லயும் வந்திருக்கா. எப்படியும் சேர்ந்துடுவான்னு காட்டுது. வர்றவங்களுக்கு எதுக்கு அள்ளிக் குடுக்கணும்? கை நழுவிப் போறவங்களை இழுக்கத்தான் சலுகை."

எனக்கே நியாயமாகப் படவில்லை. ஆசைப்பட்டதற்கா தண்டனை? படியிறங்கும்போது அவள், "நானே அவளைக் காட்டிக்குடுத்துட்டேன்" என்றாள்.

அன்றைக்கே அலுவலகத்திலிருந்து அக்கா மகளுக்குப் போன் செய்தாள். யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இனிமே எங்க மெயிலைத் திறக்காதே. இங்க வராதே. இந்த இடத்தையே மறந்துட்ட மாதிரி இரு."

"ஏன் சித்தி?"

"காரணம் கேக்காதே. சொன்னதைச் செய்."

வீட்டுக்குப் போன பிறகாவது விளக்கியிருக்கலாம். வீட்டுப் போனையும் அவள் நம்பவில்லை.

சில வாரம் கழித்து ஜோசியரே எங்கள் மேசைக்கு வந்தார். "மேடம், உங்க பொண்ணுக்குச் சலுகை ஏறிடுச்சு. கட்டணம் அனேகமா இல்லை. பதிலே காணோமே?"

அவள் உடனே அக்கா மகளுக்குப் போன் போட்டாள். சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"மெயிலா? நீங்க சொன்னீங்கன்னு திறக்கவே இல்ல சித்தி. வீட்டுப் பக்கத்துக் காலேஜ்ல பணம் கட்டிச் சேர்ந்தாச்சு. என்னை அங்க வேண்டாம்னுட்டாங்க, அதைச் சொல்ல உங்களுக்கு மனசு வரலன்னு நெனச்சேன். பரவாயில்ல, விடுங்க."

போனை வைத்துவிட்டு அவள் பூட்டிய பீரோவை இழுத்துப் பார்த்தாள். பாவமாக இருந்தது. டீ வாங்கி வந்து வைத்தேன், குடித்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நிஜமாவே அப்படி நெனச்சுதான் சேர்ந்தாளா? இல்ல, என் மேல இருக்கற கோவத்துலயா?"