வளையலுக்குக் கீழே இருந்த கோடுகள்

வளையல் கடைக்காரன் வாடிக்கையாளரின் முகத்தை மறந்தாலும் மறப்பான், கையை மறக்க மாட்டான். செருப்புக் கடையிலோ தையல் கடையிலோ அடுத்தவர் உடம்புக்கு அளவு பார்த்துப் பிழைப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். நாம் கேட்காமலே சிலது கண்ணில் பட்டுவிடும். பட்டதை என்ன செய்வது என்றுதான் தெரியாது.

திண்டுக்கல்லில் எங்கள் கடையில் வளையல் போட்டுவிட்டவள் என் மனைவி தனம். சரக்கு வாங்கி அடுக்குவது மட்டுமே என் வேலை. அவளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மத்தியானம். கையிலிருந்த சோப்பு நுரையைக் கழுவிக்கொண்டே, "யாரும் வந்தா பேச்சுக் குடுத்துக்கிட்டே போடுங்க, அப்பத்தான் கை இளகும். செத்த நேரத்துல வாரேன்" என்றாள். சாப்பாடு எடுக்கப் போனவள் வீட்டு வாசலிலேயே விழுந்துவிட்டாள். காரியம் முடிந்து கடை திறந்த அன்று அவளுடைய ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன்.

ஆண்டு விழாவுக்கு வந்த பெண்

பள்ளி ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது படிக்கும் பெண். ஊர் ஒட்டன்சத்திரம், அப்பாவுக்குக் காய்கறி மண்டி. ஆண்டு விழாவில் ஆடுவதற்குக் கை நிறைய வளையல் வேண்டும் என்றாள். கூட வந்தவர்கள் வெளியே பானிபூரி தின்றுகொண்டிருந்தார்கள். சட்டைக் கையை மேலே தள்ளியபோது உள்பக்கமாகச் சில கோடுகள் தெரிந்தன. கை விறைத்துக்கொண்டது. பேச்சுக் கொடுக்க வேண்டும், எனக்கோ பேச்சு வராது. "இது என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். "பூனைங்க" என்றாள். "ஹாஸ்டல்ல பூனையெல்லாம் வளக்க விடுறாங்களா?" என்றேன். சிரித்துவிட்டாள். கை இளகியது.

ஒவ்வொரு பரீட்சையிலும் மார்க் வந்ததும் தானே இப்படிச் செய்துகொள்வதாகச் சொன்னாள். வார்டனிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்: "நானே எனக்குத் தண்டனை குடுத்துட்டா அப்பா திட்டுறப்ப உறைக்காதுன்னு நெனச்சேனுங்க. ஆனா அப்பவும் உறைக்கத்தான் செய்யுது."

பக்கத்துக் கடை ஆராய்ச்சி

அடுத்த கடை முருகேசன் கவரிங் நகை விற்கிறவன். உலகத்தில் எதற்கும் அவனிடம் விளக்கம் உண்டு. பேர் ஊர் சொல்லாமல் பொதுவாக விசாரித்தேன். "இந்த வயசுப் பிள்ளைக கையைக் கெடுத்துக்கிட்டா ஒரே காரணந்தாண்ணே. எவன் அந்தப் பயன்னு பிடிச்சா முடிஞ்சது" என்றான்.

நான் பார்த்த பெண்ணுக்கு மார்க்குதான் காரணம், பையன் யாரும் இல்லை என்றேன். முருகேசன் கொஞ்ச நேரம் யோசித்தான். தன் முடிவை மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை. "அப்ப அது பரீட்சையை லவ் பண்ணியிருக்கு" என்றான்.

முழங்கை வரைக்கும்

சில மாதம் கழித்துச் சின்னாளபட்டியிலிருந்து செல்வி என்கிற அம்மா தன் மகள் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நெசவுக் குடும்பம். மகள் பன்னிரண்டாவது. முழங்கை வரைக்கும் வளையல் அடுக்க வேண்டும் என்றார் அம்மா. கையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. முன்னே வந்தவளைப் போலத்தான் இவளும் என்று நினைத்து, "மார்க்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். "மார்க்கெல்லாம் நல்லாத்தான் எடுக்குறேன்" என்றாள். ஒரு கையில் படித்த பாடம் அடுத்த கைக்கு உதவவில்லை.

வளையல் அடுக்கி முடித்து மகள் கிளிப் பார்க்க வாசல் பக்கம் போனதும் செல்வி குரலைத் தாழ்த்தினார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இப்போதே பேசி முடித்துவிட்டு, பதினெட்டு முடிந்த கையோடு கல்யாணம். காலேஜ் கிடையாது. பிள்ளை படிக்கத்தானே ஆசைப்படுகிறது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "கையைப் பாத்துட்டு எந்தப் பயன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறா. எவனையோ காப்பாத்துறான்னுதானே அர்த்தம்?"

பாதியில் நின்ற வளையல்

செல்வி தனக்கும் ஒரு ஜோடி கேட்டார். தறியில் உழைத்த கை, விரல் முட்டி பெருத்திருந்தது. சோப்பு போட்டு ஏற்றியதில் கண்ணாடி வளையல் முட்டியிலேயே நின்றுவிட்டது. கை கல்லாக இறுகிக் கிடந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் மகளைக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட ஏதாவது பேசிக்கிட்டிரும்மா, கை இறுகுது" என்றேன். பவித்ரா பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, "நான் யாரையும் லவ் பண்ணலம்மா" என்றாள்.

செல்வி வெடுக்கென்று எழப் பார்த்தார். "ஆட்டாதீங்கம்மா, உடைஞ்சா கையைக் கிழிச்சிரும்" என்றேன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

"அப்புறம் எதுக்குடி இப்படிப் பண்ணுன?"

"அழுகை வந்தா நான் எங்க போய் அழுக? இருக்கிறது ஒரு ரூமு. அதுல பாதி தறி. அழுதா அப்பா 'எந்த எழவுக்கு அழுகுற'ங்கிறாரு. நீ வாயை மூடுங்கிற. இதுக்குச் சத்தம் வராதும்மா."

"அம்புட்டு அழுகை எதுக்குடி வருது?"

"அதான் எனக்கும் தெரியல. இன்னைக்குத்தான் நீ கேக்கவே செய்யுற."

செல்வி மகளின் கையைப் பார்த்தார். மறைப்பதற்காகப் போட்ட வளையல்களை மகள் ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள். என் பிடியிலிருந்த கை தளர்ந்துவிட்டது. வளையலை மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்று கேட்டேன். "ஏண்ணே, பெரியாஸ்பத்திரியில இதைக் கேக்கிறதுக்குன்னே டாக்டர் இருக்காங்களாமே, எந்தப் பக்கம் போகணும்?" என்றார்.

போன மாதம்

மாப்பிள்ளை வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்காரரோடு பெரிய சண்டையாம். ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடையில் முடியவில்லை, பல மாதம் போய்வந்திருக்கிறார்கள். பவித்ரா இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். போன மாதம் அம்மாவும் மகளும் வந்தார்கள். பவித்ரா போட்டிருந்தது அரைக்கைச் சுடிதார். கைக்கு இரண்டு போதும் என்றாள். இன்னும் அழுகை வருமா என்று நான் கேட்கவில்லை. செல்விதான் சொன்னார்: "வருதுண்ணே. வந்தா அவ அழுதுக்கட்டும்னு நான் தறியை நிறுத்திட்டு அவங்கப்பாவையும் வெளிய கூட்டிட்டுப் போயிருவேன்."

பழைய கோடுகள் மங்கலாக அங்கேயே இருக்கின்றன, புதிதாக ஒன்றும் இல்லை, அவற்றை மறைக்க முழங்கை வரைக்கும் வளையல் கேட்காததில் எனக்குத்தான் கொஞ்சம் வியாபாரம் குறைந்தது.