மாலைக்குப் பின்னால் இருந்த நம்பர்

அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் என் வண்டியில் மோதிய நொடியில் என் பக்கம் விளக்கு பச்சையா, சிவப்பா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பக்தர்கள் படிக்கிற பத்திரிகையில் பொய் எழுத எனக்கு இஷ்டமில்லை. போலீஸிடம் பச்சை என்றேன். பெண்டாட்டியிடம் பச்சை என்றேன். உள்ளுக்குள் எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் வேலுச்சாமி. ஊர் கன்னிவாடி. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். விடிகிற நேரத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூ மூட்டைகளை ஏற்றி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவது என் வேலை. மல்லிகை நேரம் பார்த்து விலை போகிற சரக்கு. கால் மணி நேரம் பிந்தினால் தோட்டக்காரன் என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவான்.

பழனி ரோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு நாலு ரோடு சந்திப்பு இருக்கிறது. முன்பெல்லாம் காலை எட்டு மணிக்கு மேல்தான் அங்கே சிக்னல் வேலை செய்யும். அதுவரை மஞ்சள் விளக்கு சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும். பிறகு கம்பத்தில் கேமரா வைத்தார்கள். அதோடு விடிந்தும் விடியாமலே சிக்னலையும் போட ஆரம்பித்தார்கள். நாய்கூடக் குறுக்கே வராத ரோட்டில் நில் என்றால் எவன் நிற்பான்? நான் நிற்கவில்லை. போனில் அபராத மெசேஜ் வந்தது, என் வண்டியின் படத்தோடு. அடுத்த வாரம் இன்னொன்று வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யும். ஆனால் கோணலாக வேலை செய்யும். அந்தக் கேமரா வண்டியின் முகத்தைத்தான் படம் எடுக்கிறது என்று கண்டுபிடித்தேன். பூ என்னிடம் எப்போதும் உண்டு. நல்ல தடிமனான சம்பங்கி மாலை ஒன்றை முன்பக்கம் கயிறு கட்டி, நம்பர் பிளேட்டை மூடுகிற மாதிரி தொங்கவிட்டேன். யாராவது கேட்டால், பழனி முருகனுக்குப் போட்ட மாலை என்பேன். சாமி மாலையைக் கழற்று என்று சொல்ல எந்தப் போலீஸுக்கும் மனசு வராது. மெசேஜ் வருவது நின்றுவிட்டது.

அதோடு விட்டேனா? மார்க்கெட்டுக்கு வருகிற மற்ற டிரைவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாதத்தில் பழனி ரோட்டில் வருகிற குட்டியானை எல்லாம் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்தன. நாங்கள் சிரித்துக்கொண்டோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தினமும் அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது, முருகா, இந்தக் கேமராவின் கண்ணை அவித்துவிடு என்று வேண்டுவேன். விளையாட்டுக்கு இல்லை. மனசார வேண்டினேன்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. லேசான தூறல். காலை ஆறேகால் இருக்கும். எனக்கு முன்னால் இன்னொரு குட்டியானை போனது ஞாபகம் இருக்கிறது. சந்திப்புக்குள் நுழைந்தேன். இடது பக்கத்திலிருந்து ஏதோ நீலமாக வந்தது. பிரேக்கை மிதித்தேன். சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் ஒரு பெண் ரோட்டில் கிடந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள், ஆனாலும் பேச்சு மூச்சில்லை. வலது கால் திரும்பியிருந்த விதத்தை நான் எழுத மாட்டேன். பூ மூட்டைகளை ஒதுக்கி, என் வண்டியிலேயே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் அன்றைக்கு உருப்படியான காரியம்.

அவள் பெயர் பர்வீன். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அமீர் பாய், தோல் வியாபாரம் செய்கிறவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் வந்து சட்டையைப் பிடித்தார். அடிக்கவில்லை. பிடித்தபடியே நின்றார். எனக்கு வாய் அதிகம். யாராக இருந்தாலும் பதிலுக்குக் கத்துவேன். அன்றைக்குச் சட்டையை விடுவிக்கக்கூடப் பார்க்கவில்லை.

சந்திப்பில் டீக்கடை வைத்திருப்பவரைப் போலீஸ் விசாரித்தது. அவர் விளக்கைப் பார்க்கவில்லையாம். ஆனாலும் சொன்னார்: "அவன் என்னைக்கு நின்னான், இன்னைக்கு நிக்க?"

அந்த வார்த்தை என்னைக் கொன்றது. ஏனென்றால் அது உண்மை. எத்தனையோ காலை சிவப்பில் போயிருக்கிறேன். எல்லாக் காலையும் என் தலைக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டது. கண்ணை மூடினால் ஒரு தடவை பச்சை தெரிந்தது. மறு தடவை சிவப்பு தெரிந்தது. இரண்டும் நான் பார்த்ததுதான். எது செவ்வாய்க்கிழமை பார்த்தது?

வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். என்னை ஜாமீனில் விட்டார்கள். வியாழக்கிழமை எஸ்.ஐ. கூப்பிட்டு, கேமரா எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். படத்தில் பர்வீனின் நீல ஸ்கூட்டர் அவள் பக்கத்துக் கோட்டைத் தாண்டி நின்றது. குறுக்கே நான் வருகிற ரோட்டில் ஒரு வெள்ளைக் குட்டியானை. அதன் பக்கம் விளக்கு பச்சை. வண்டியின் நம்பர் தெரியவில்லை. மாலை மூடியிருந்தது.

"சார், அது என் வண்டி" என்றேன்.

எஸ்.ஐ. சிரித்தார். "யோவ், காலையில அந்த ரோட்டுல வர்றது அம்புட்டும் வெள்ளைக் குட்டியானை, அம்புட்டுலயும் மாலை. இது முன்னாடி போன வண்டி. அது பச்சையில போயிருச்சு. நீ பின்னாடியே செவப்புல விட்டிருக்க. இல்லைன்னு எதை வச்சுச் சொல்ற?"

எதை வைத்துச் சொல்ல? நான்தான் எல்லா வண்டியையும் ஒரே மாதிரி ஆக்கிவைத்தவன். படத்தை உற்று உற்றுப் பார்த்தேன். என் வண்டியா, இல்லையா என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பர்வீன் இன்னும் கண் திறக்கவில்லை. அவள் போய்விட்டால் என் கேஸ் வேறு மாதிரி ஆகும் என்று வக்கீல் சொன்னார். ஜெயில் என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பஞ்சவர்ணம் என்னிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"எங்கிட்டயும் பச்சை பச்சைன்னுதான் சொல்றீக. உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே. அந்தப் பொண்ண நீங்கதான் இடிச்சிருந்தா, அதையாச்சும் தெரிஞ்சுக்கிட்டு வந்து சாப்புடுங்க."

வெள்ளிக்கிழமை காலை பழனிக்கு பஸ் ஏறினேன். மலைக்கு மேலே நல்ல கூட்டம். சன்னதியில் இரண்டு நொடி நின்றிருப்பேன். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். ஒன்றுமே வேண்டிக்கொள்ள முடியவில்லை. கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இறங்குகிற வழியில் ஒரு படியில் உட்கார்ந்தேன். அங்கே வைத்துத்தான் கேட்டேன். நான் பேசுகிற மாதிரியே கேட்டேன்.

"முருகா, உன் பேரைச் சொல்லித்தான் நம்பரை மறைச்சேன். உன்ன வச்சு ஏமாத்துனேன். கேமரா கண்ணு அவியணும்னு கேட்டேன், நீ காதுல வாங்கல. நல்லதாப் போச்சு. இப்ப அந்த நம்பரைக் காட்டு. நான் செவப்புல வந்திருந்தா அதையும் காட்டு. ஒத்துக்கிறேன். எனக்குத் தெரியாம இருக்கிறதுதான் தாங்கல. அந்தப் புள்ளையைக் கண்ணு முழிக்க வையி."

வெளிச்சம் வரவில்லை. குரல் கேட்கவில்லை. உடம்பு சிலிர்க்கவில்லை. வெயில் ஏறியது, கால் வலித்தது, எழுந்து வந்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். மாலை பக்திக்குப் போட்டது இல்லை, கேமராவை ஏமாற்றப் போட்டது, மற்ற டிரைவர்களுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். விளக்கு எனக்கு ஞாபகம் இல்லை, பச்சை என்று சொன்னது பயத்தில் சொன்னது என்றும் எழுதினேன். எஸ்.ஐ. அதை இரண்டு தரம் படித்தார். என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். அன்று முதல்முறையாக உட்காரச் சொன்னார். கேமரா ஒரு தடவைக்கு ஒரு படம் மட்டும் எடுப்பதில்லையாம். அவர்களுக்கு வந்தது முதல் படம்தான். மீதியையும் அனுப்பச் சொல்லி கண்ட்ரோல் ரூமில் கேட்டார்.

சனிக்கிழமை மதியம் வந்தது. மூன்று படம். முதல் படம் நான் பார்த்தது. இரண்டாவதில் ஸ்கூட்டரும் வண்டியும் நெருங்கியிருந்தன. மூன்றாவதில் வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. நான் பிரேக் மிதித்த நொடி. அந்த வேகத்தில் மாலை முன்னால் வீசி, மேலே எழும்பி நின்றது. கீழே நம்பர். நாலு எண்ணும் சுத்தமாகத் தெரிந்தது. என் நம்பர். மேலே விளக்கு பச்சை.

எஸ்.ஐ. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். நான் அழுதேன். ஐம்பது வயது ஆள் ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பிரேக் மிதித்தால் தொங்குகிற மாலை வீசத்தான் செய்யும், இதில் சாமி எங்கே வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மிதித்தது என் கால். படம் எடுத்தது மெஷின். அது செவ்வாய்க்கிழமையே எடுத்துவைத்த படம். நான் வேண்டியது வெள்ளிக்கிழமை. வேண்டுவதற்கு முன்பே பதில் அங்கே கிடந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். நான் தினமும் கேட்டபடி கேமரா அவிந்துபோயிருந்தால் இன்றைக்கு நான் உள்ளே இருப்பேன். செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று நானே நம்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பர்வீன் கண் திறந்தாள். மஞ்சள் மினுக்குகிற நேரம்தானே என்று பழக்கத்தில் வந்துவிட்டேன், விளக்கைப் பார்க்கவே இல்லை என்று தகப்பனிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அமீர் பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதே வராந்தா. ஜெயித்தவன் மாதிரி போக என்னால் முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அல்லாகிட்ட எம் புள்ள உசுரைத்தான் கேட்டேன்" என்றார். "ஆனா மனசுக்குள்ள உங்க மேல தப்பு இருக்கணும்னு ஒரு ஆசை இருந்துச்சு. அது நான் கேட்டதா, கேக்காததா? தெரியலண்ணே."

"எனக்கும் ஒன்னும் புரியல பாய்" என்றேன்.

நம்பரை மறைத்ததற்கு என் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். சரிதான். அந்த மூன்று மாதமும் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். டிரைவர்களைப் பார்த்துப் பார்த்து மாலையைக் கழற்ற வைத்தேன். சிலர் கழற்றினார்கள். சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். நானும் சொன்னேன். வாயை முருகன் இன்னும் மாற்றவில்லை. இப்போது சிவப்பு என்றால் நிற்கிறேன். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் நிற்கிறேன்.

பர்வீன் இன்னும் ஊன்றுகோல் வைத்துத்தான் நடக்கிறாள். நான் பச்சையில்தான் வந்தேன் என்றால் அந்தப் பெண்ணுக்கு ஏன் கால் ஒடிய வேண்டும்? அத்தனை நாள் சிவப்பில் போன எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? மாதா மாதம் பழனிக்குப் போய் இதைத்தான் கேட்கிறேன். இதற்குப் பதில் வரவில்லை. கேட்டவனை அவன் துரத்திவிடவும் இல்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மனசு தெளிந்த பிறகு சாமியிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கோபமிருந்தால் கோபத்தோடு போங்கள், செய்த திருட்டுத்தனத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். போய் உண்மையைக் கேளுங்கள். அது உங்களுக்கு எதிராகவே வந்தாலும் சரி என்று கேளுங்கள். நான் அப்படி ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அதற்குப் பதில் வந்தது.