தெப்பத்துக்கு ஒரு பேட்டரி

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்கு இன்வெர்ட்டர் மாட்டுகிற சிவபாலனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காற்று வராத இடத்தில் பேட்டரி வைக்கச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "சார்ஜ் ஏறும்போது காஸ் வருதுபா. மூடி வெச்சா ஒரு பொறி போதும், வெடிச்சிடும்" என்று சொல்லிச் சொல்லியே பாதி வாடிக்கையாளர்களின் எரிச்சலைச் சம்பாதித்த மனுஷர்.

இந்த வருஷம் கோயில் தெப்பத்தைக் கயிறு கட்டி இழுக்காமல், சின்ன மின்சாரப் படகு மோட்டார் வைத்து ஓட்டிப் பார்க்க விழாக் குழுத் தலைவர் தினகரனுக்கு ஆசை வந்துவிட்டது. பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிவபாலன் தலையில் விழுந்தது.

"கார் பேட்டரி போதாதாபா?" என்றார் தினகரன்.

"அது வண்டியக் கெளப்பத்தான் லாயக்கு. நடுக்குளத்துல படுத்துக்கினா சாமிய யாரு தள்றது?"

லித்தியம் பேட்டரியில் காஸ் தொல்லை கிடையாது, எடையும் குறைவு. ஆனால் ஏதோ மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து எரிந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து சிவபாலனுக்கு அதன்மேல் பயம். கடைசியில் தனக்குப் பழக்கமான, ஆசிட் நிரப்பிய டியூபுலர் பேட்டரியையே எடுத்தார். மணிக்கணக்கில் சீராக இழுக்கும். தெப்பத்தின் பின்பக்கம் திறந்தபடி வைத்து, பக்கத்தில் தானே உட்கார்ந்துகொள்ளலாம் என்று எண்ணம்.

திருவிழாவன்று காலை சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். பேரன் பிறந்துவிட்டான்! சந்தோஷத்தோடு தீட்டும் வந்து சேர்ந்தது. தீட்டுள்ளவர் கோயிலுக்குள்ளேயே போகக் கூடாது, தெப்பத்தில் எப்படி ஏறுவது?

"வாயத் தொறக்காம இருந்துக்கினா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் மனைவி சங்கீதா.

"சாமி காரியத்துல பொய்யா? என்னால ஆவாதும்மா."

அவருக்குப் பதிலாகச் சங்கீதாவின் தம்பி கலியாணசுந்தரம் போனான். தறி நெய்கிறவன். அந்தக் குடும்பத்துத் தீட்டு அவனைத் தொடாது. மூடாதே, மூடாதே என்று சிவபாலன் அவனிடம் சொல்லி அனுப்பினார்.

சொல்லி என்ன பயன்? பாதியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் தினகரன் பகல் முழுக்கச் சார்ஜரைக் கழற்றவேயில்லை. அலங்காரக்காரர்களோ, ஆசிட் பெட்டி சாமி கண்ணில் படலாமா என்று அதை மரப்பெட்டிக்குள் இறக்கி, பிளெக்ஸ் ஷீட்டால் இறுக்கி மூடி, மேலே அரக்கு நிறப் பட்டுத்துணியைச் சுற்றிவிட்டார்கள். கலியாணசுந்தரம் தடுத்துப் பார்த்தான். சாமிக்கு முன்னால் எதிர்த்துப் பேசாதே என்று அவன் வாயை அடக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் குளத்து வேலிக்கு வெளியே, தெருவில் நின்ற சிவபாலன் அந்தப் பட்டு மூட்டையைப் பார்த்தார். அடப்பாவிகளா! போன் அடித்தார். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மோட்டார் கிளம்பவில்லை. எங்கோ ஒயர் தளர்ந்திருந்தது. கலியாணசுந்தரம் ஷீட்டின் ஓரத்தைத் தூக்கி, பெட்டிக்குள் குனிந்தான்.

"மச்சான், கை வெக்காத! மொதல்ல மூடியத் தொறந்து வுடு!"

குளத்து வாசல்வரை ஓடியவரின் கால் அங்கே ஒரு கணம் தயங்கியது. தீட்டு. அந்தக் கணத்தில்தான் படாரென்று வெடித்தது.

பிறகு எப்படித் தண்ணீரில் இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மச்சானின் தலையை மடியில் சாய்த்து, கையால் அள்ளி அள்ளிக் கண்களில் தண்ணீரை ஊற்றினார். தீட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மேளம் நின்றுபோயிருந்தது. குளத்தின் நாலு பக்கமும் விளக்குகள் பகல்போல எரிந்தன.

கலியாணசுந்தரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, எதுக்கு எல்லா லைட்டையும் அணைச்சிட்டாங்க?"